ஆகாசத்தின் காலை மாத்திரை

துறைமுகத்தில் அவருக்கு அலாரம் சிஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் கோபம் வரவில்லை, கொஞ்சம் பெருமைதான் வந்தது. துறைமுகத்து மருத்துவ அறையில் அவர் நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்து போவார். மற்ற நாட்களில் அந்த அறைக்கு ராணி, மந்திரி, வாசல் காவலாள் எல்லாம் சிஸ்டரே.

இரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே கிளம்பும் ஒவ்வொருவரின் கைபேசியையும் பிடுங்கி, அலாரம் வைத்த பிறகுதான் திருப்பித் தருவார். காலையில் ஷிப்ட் தொடங்கும் வேளையில் லாரிக்குள்ளிருந்து சேவல் கூவும், கிடங்குக்குள்ளிருந்து மணி அடிக்கும், எடைமேடைப் பக்கமிருந்து யாருடைய பேத்தியோ சிரிக்கும். அந்தச் சத்தமெல்லாம் கேட்டு முடித்தால்தான் சிஸ்டருக்கு டீ தொண்டையில் இறங்கும்.

"பிரஷர் வலிக்காது. வலிச்சா மாத்திரை ஞாபகம் வரும். வலிக்காததால மறந்துடறீங்க. மறக்கறதுதான் உங்க வியாதியே" என்பார். மறதிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான். அலாரம்தான் சின்னம்.

கட்சிக்கு வந்த ஒரே சோதனை ஆகாசம்.

ஆகாசம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. துறைமுகத்தின் பெரிய கிரேனை ஓட்டுகிறவர் அவர். காலையில் ஏணி பிடித்து மேலே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார், சாப்பிட்டு மறுபடி ஏறினால் சாயங்காலம்தான் தரையைப் பார்ப்பார். கீழே நின்று பார்த்தால் அவருடைய கண்ணாடி அறை தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். கப்பலிலிருந்து கண்டெய்னர் பெட்டியைத் தூக்கி லாரியின் முதுகில் வைத்தால், லாரிக்காரருக்கு வைத்ததே தெரியாது. அவ்வளவு பதமான கை. அதற்காக யார்டு மொத்தமும் சேர்ந்து கொடுத்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் முகம் தன்னால் மலரும்.

அவருடைய ஞாபக சக்தியோ பயங்கரம். எப்போதோ ஒரு மழைநாளில் வந்த கப்பலில் எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருந்தது என்று இன்றும் சொல்வார். சிஸ்டரின் மகள் எந்தப் பாடத்தில் திணறுகிறாள் என்பதுகூட அவருக்கு ஞாபகமிருக்கும். அப்படிப்பட்ட மனிதர், இரத்த அழுத்தம் ஏறிப்போய் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்போது, சிஸ்டர் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார்.

"மறந்துட்டேன் சிஸ்டர்."

சிஸ்டர் விடுவாரா. அலாரம் வைத்தார், பலிக்கவில்லை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூடி போட்ட மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்தார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் சைகைக்காரரைப் பிடித்தார். கீழே நின்று கையைத் தூக்கியும் தாழ்த்தியும் பெட்டியை எங்கே வைப்பது என்று ஆகாசத்துக்குக் காட்டுகிறவர் அவர். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கையாலேயே பேசிக்கொள்கிறவர்கள். மாத்திரைக்கென்று ஒரு புதுச் சைகையை உண்டாக்கச் சொன்னார் சிஸ்டர். முதல் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் சைகைக்காரர் உள்ளங்கையை விரித்து, அதிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து வாயில் போட்டுக் காட்டுவார். மேலேயிருந்து கட்டைவிரல் உயரும். ஆனால் மாத்திரை சட்டைப் பையை விட்டு நகராது.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் வருடாந்தரத் தகுதிப் பரிசோதனை நெருங்கியது. போன வருடமே டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். இந்தத் தடவை முகம் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

"அடுத்த மாசம் பரிசோதனை. அதுக்குள்ள பிரஷர் எறங்கலைன்னா கிரேன் கிடையாது. இவ்வளவு பிரஷரோட ஒருத்தர அவ்வளவு உயரத்துல உக்கார வச்சு, தலைக்கு மேல பெட்டியத் தூக்கச் சொல்ல என்னால கையெழுத்துப் போட முடியாது. வாசல்ல எடைமேடையில உக்காரட்டும்."

ஆகாசம் வெளியே வந்த பிறகுதான் சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார்.

"கீழ உக்காந்து லாரி எடை பாக்கறதா சிஸ்டர்? என்னால முடியாது."

"அப்ப மாத்திரையப் போடுங்களேன்."

"பாக்கறேன்" என்றார். போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் பாதி, கவலை பாதி. துறைமுகத்தில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். தன் வேலையை இவ்வளவு ஆசையாகச் செய்கிற மனிதர் இவர் ஒருத்தர்தான். இவரைத் தரையில் உட்கார வைத்தால் பாதி உயிர் அங்கேயே போய்விடும். மாத்திரை போடாவிட்டால் மீதி உயிரும் போய்விடும்.

இரண்டு நாள் கழித்து ஆகாசத்தின் மனைவி மருத்துவ அறைக்கு வந்தார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர், அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். மாத்திரை டப்பாவை மேஜை மேல் வைத்தார்.

"இதப் பாருங்க சிஸ்டர். லீவு நாள் மூடி மட்டும் காலி. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. லீவு அன்னிக்கி நான் வாயத் தொறக்கவே வேணாம், அவரே எழுந்து போட்டுக்கறாரு. வேலை நாள்ல கையோட எடுத்துக்கிட்டுப் போறாரு, பத்திரமாத் திருப்பிக் கொண்டு வந்துடறாரு. கேட்டா பேச்ச மாத்தறாரு. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன்."

சிஸ்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்சித் தலைவர் அல்லவா, கட்சி வழியிலேயே முடிவுக்கு வந்தார்.

"மேல போனா வேலை மும்முரத்துல மறந்துடறாரு. மறதி மேலதான் இருக்கு. நான் மேல போய்ப் பக்கத்துல நின்னு முழுங்க வைக்கறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, சொன்ன வாய் மூடுவதற்குள் தனக்கு உயரம் என்றாலே பயம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறச் சொன்னால்கூடக் கணவரைக் கூப்பிடுகிற ஆள் அவர். பயம் வந்தால் அவருக்குத் தாகம் எடுக்கும், நின்ற இடத்தில் நின்று தண்ணீராகக் குடித்துத் தள்ளுவார். கிரேன் ஏறும் நாளன்று காலையில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் குடித்தார். அதற்கு மேல் தைரியத்துக்கு ஒரு டீ. தைரியம் போதவில்லை என்று இன்னொரு டீ.

வேலை நேரத்தில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று யார்டு மேனேஜரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. சைகைக்காரர் அவர் இடுப்பில் பெல்ட் மாட்டி, தலையில் தொப்பி வைத்து, ஏணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கீழ பாக்காதீங்க சிஸ்டர்."

"பாக்கல."

"மேலயும் பாக்காதீங்க."

"அப்ப எங்கய்யா பாக்கறது?"

"அடுத்த படியப் பாருங்க. அது முடிஞ்சா அதுக்கு அடுத்தது."

அவர் பின்னாலேயே ஏறி வந்து சிஸ்டரை அறைக்குள் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனார். உள்ளே, புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்று மடக்கு இருக்கை ஒன்று இருந்தது. சிஸ்டர் அதில் தொப்பென்று விழுந்தார். காலுக்குக் கீழே தரை இல்லை. கண்ணாடிதான் இருந்தது, கண்ணாடிக்குக் கீழே துறைமுகம் இருந்தது.

"சிஸ்டர், நீங்களா?" என்றார் ஆகாசம். பேய் வந்திருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்.

"நானேதான். கைய நீட்டுங்க."

அழுத்தம் ஏறித்தான் இருந்தது. சிஸ்டர் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்.

"மத்தியானம் கீழ வந்து போட்டுக்கறேனே."

"வேணாம்."

"சாயங்காலம்."

"ஆகாசம், நான் ஏறி வந்த படியெல்லாம் எனக்குத்தான் தெரியும். வாயத் தொறங்க."

ஆகாசம் பெருமூச்சு விட்டு, ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார். இவ்வளவுதானே விஷயம் என்று சிஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வந்த வேலை முடிந்தது, இறங்கிவிடலாம் என்று எழுந்தார்.

"இப்ப எறங்க முடியாது சிஸ்டர். கிரேன் ஓடும்போது ஏணியில ஆள் இருக்கக் கூடாது. சாப்பாட்டு மணி அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆகாசம் நெம்புகோல்களைப் பிடித்தார்.

அறையே கடலை நோக்கி நகர்ந்தது. சிஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும் திறந்துவிட்டார். அடேயப்பா, என்ன அழகு. கீழேயிருந்து பார்த்தால் துருவும் அழுக்குமாகத் தெரிகிற பெட்டிகள் மேலேயிருந்து சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக விரிந்து கிடந்தன. அலைதடுப்புச் சுவருக்கு அப்பால் கடல் வெயிலில் மின்னியது. ஆகாசத்தின் விரல்கள் அசைந்தன. எங்கோ கீழே ஒரு பெரிய இரும்புப் பெட்டி கோபித்துக்கொள்ளாமல் எழுந்து, சுற்றி, ஒரு லாரியின் மேல் போய் அமர்ந்தது. இந்த மனிதர் ஏன் கீழே உட்கார மறுக்கிறார் என்பது சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

பயம் போனது. தண்ணீர் போகவில்லை.

முதலில் லேசாகத்தான் தெரிந்தது. காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தார். கடலைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அங்கே கடலைத் தவிர பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது. சாப்பாட்டு மணிக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. திரும்பி ஆகாசத்தைப் பார்த்தார். அவரும் முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு, நெற்றி வியர்க்க, பல்லைக் கடித்தபடி பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், காலைல தண்ணி குடிச்சீங்களா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"ஒரு பாட்டில்."

"டீ?"

"ரெண்டு."

ஆகாசம் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். "நான் வேலை நாள்ல தண்ணி தொடறதில்ல சிஸ்டர். வாய் நனைக்கறதோட சரி."

சிஸ்டர் மெதுவாக நிமிர்ந்தார். அலமாரித் தட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். ஒரு மடக்குதான் குறைந்திருந்தது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நாற்காலி இருந்தது, நெம்புகோல் இருந்தது, வாக்கிடாக்கி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. முதல் தடவை இந்த மாத்திரையைக் கொடுத்தபோது தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. இதில் நீரை இறக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது, கொஞ்சம் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று வாய் நிறையச் சொல்லியிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமே கழிப்பறை இருக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"மறந்துட்டேன், மறந்துட்டேன்னு சொன்னீங்களே ஆகாசம்."

"வேற என்ன சொல்றது? எறங்கணும்னா மைக்குல கேக்கணும். வேலைய நிறுத்தணும், லாரியெல்லாம் நிக்கும், எதுக்குன்னு கேப்பாங்க. யார்டு பூரா அந்த மைக்கக் கேட்டுக்கிட்டுதான் இருக்கு. எனக்கு முன்னாடி இந்தக் கிரேன் ஓட்டினவரு ஒரு தடவை கேட்டு எறங்கினாரு. மறுநாளும் கேட்டாரு. அதோட அவருக்குக் குழாய்னு பேரு வச்சுட்டாங்க. வேலைய விட்டுப் போற அன்னிக்கி மாலை போடறப்பகூட குழாய்னுதான் கூப்பிட்டாங்க." நெம்புகோலைத் தள்ளிவிட்டு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்கு ஆகாசம்னு பேரு இருக்கு சிஸ்டர்."

சிஸ்டருக்கு நெஞ்சு கனத்தது. ஆனால் நெஞ்சைப் பற்றி யோசிக்கிற நிலையிலா இருந்தார். அடிவயிறு முட்டியது. வாக்கிடாக்கியைப் பார்த்தார். அதை எடுத்துப் பேசினால், நாளைக்குச் சேவலும் மணியும் ஒலிக்கிற அத்தனை இடத்திலும் அவருடைய மானம் கப்பலேறிவிடும். கப்பலும் தயாராக எதிரிலேயே நின்றது. பேசாவிட்டால் அதைவிடக் கேவலம் ஆகிவிடும். கை நீண்டது, பாதியில் நின்றது.

ஆகாசம் அந்தக் கையைப் பார்த்தார். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். தூக்கிய பெட்டியைப் பத்திரமாக லாரி மேல் இறக்கிவிட்டு, வாக்கிடாக்கியைத் தானே எடுத்தார்.

"ஆகாசம் பேசறேன். கிரேன நிறுத்தறேன். நான் எறங்கணும். பாத்ரூம் போகணும்."

வாக்கிடாக்கியில் சிரிப்பு வெடித்தது. லாரிக்காரர்கள் சிரித்தார்கள், கிடங்கு சிரித்தது, எடைமேடை சிரித்தது. "என்னண்ணே, சிஸ்டரப் பாத்துப் பயந்துட்டீங்களா?" என்று சைகைக்காரரின் குரல் கேட்டது. "குழாய் நம்பர் ரெண்டு" என்று யாரோ ஒருவர் பெயரே வைத்துவிட்டார்.

"மாத்திரை போட்டிருக்கேன், நீர் எறங்குது. சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நானும் எறங்கறேன்" என்றார் ஆகாசம். குரல் நடுங்கவில்லை, ஆனால் காது சிவந்திருந்தது. சிஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க முன்னாடி எறங்குங்க" என்றார்.

தன் வேலை போகும் என்று தெரிந்தும் தனக்காக ஒருநாளும் கேட்காத மனிதர், இன்னொருத்தருக்காகக் கேட்டுவிட்டார். சிஸ்டருக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் நேரமில்லை. கீழே யாரும் அவரைக் கவனிக்கவில்லை, எல்லார் கண்ணும் ஆகாசத்தின் மேல்தான் இருந்தது. மருத்துவ அறைக்குள் புகுந்து கழிப்பறைக்கு முதலில் சிஸ்டர் போனார். அவர் வெளியே வருகிற வரைக்கும் ஆகாசம் ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றுகொண்டு, சுவரில் இருந்த பல் விளக்கும் முறை பற்றிய படத்தை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் டாக்டர் வந்ததும் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீரையும் டீயையும் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"நீர் எறக்காத மாத்திரையும் இருக்கே. மாத்திக் கொடுத்துடலாம். அவரு கேக்கவே இல்லையே?" என்றார் டாக்டர்.

"நானும் கேக்கல சார்" என்றார் சிஸ்டர். "போட்டீங்களான்னு கேட்டேன், ஏன் மறந்தீங்கன்னு கேட்டேன். போட விடாம எது தடுக்குதுன்னு கேக்கவே இல்ல."

மாத்திரை மாறியது. டப்பாவின் மூடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தண்ணீர் பாட்டிலும் காலியாகி இறங்கத் தொடங்கியது. ஆகாசத்தின் மனைவி தெருமுனையிலிருந்தே கையசைத்துச் செய்தி சொல்லிவிட்டுப் போனார். சிஸ்டரின் கட்சி அத்தோடு கலைந்தது. "எது தடுக்குது?" என்று அவர் கேட்கத் தொடங்கியதும், சேவல் கூவியபோதெல்லாம் சேவலை அமுக்கிவிட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மாத்திரை போட்டால் இருமல் வந்து உயிரை வாங்குகிறது என்றார் ஒரு லாரிக்காரர். மாத்திரையைப் பார்த்தால் மாமியார் தன்னை நோயாளி என்று முடிவுகட்டிவிடுவார் என்றார் கிடங்குப் பெண் ஒருத்தர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருந்தது. மாமியாருக்கு மட்டும் டாக்டரே போன் செய்ய வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் சரியாகவில்லை. யார்டு ஆகாசத்தைக் குழாய் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கேலிதான், விரோதமில்லை. அவரும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தார். ஆனால் அந்தப் பழைய மலர்ச்சி முகத்தில் வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் சிஸ்டருக்குச் சுருக்கென்றது.

பரிசோதனை நாள் வந்தது. டாக்டர் அளந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"நல்லா இருக்கு. கிரேனுக்குப் போகலாம்."

"மெஷின் சரியா இருக்கா சார்? இன்னொரு தடவை வேணாப் பாருங்க" என்றார் ஆகாசம். சிஸ்டர் தன் கையாலேயே மறுபடி அளந்து காட்டினார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. ஆகாசம் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, ஏணியைப் பார்த்து ஓடினார். மேலே போய் உட்கார்ந்ததும் மேனேஜர் வாக்கிடாக்கியில் அறிவித்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா. நம்ம குழாய் பாஸ் பண்ணிட்டாரு."

சிரிப்பும் விசிலும் பறந்தன. மருத்துவ அறை மேஜையிலும் ஒரு வாக்கிடாக்கி உண்டு, அவசரத்துக்கென்று வைத்தது. அந்த மேஜைக்கு வந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. சிஸ்டர் எடுத்தார். தாகம் எடுத்தது, ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை.

"மெடிக்கல் ரூம்லேருந்து பேசறேன். அன்னிக்கி கிரேன்லேருந்து எறங்கணும்னு தவிச்சது அவரு இல்ல. நான்தான். ஒரு பாட்டில் தண்ணியும் ரெண்டு டீயும் குடிச்சுட்டு மேல போயிருந்தேன். கேக்க வெக்கமா இருந்துச்சு. எனக்காக அவரு கேட்டாரு. பேர மாத்தறதுன்னா எனக்கு மாத்துங்க. அவரு பேர அவருகிட்டயே குடுத்துடுங்க."

சிஸ்டர் வாக்கிடாக்கியைப் பிடித்தபடியே ஜன்னலுக்கு வந்தார். கீழே சைகைக்காரர் நிமிர்ந்து நின்று, உள்ளங்கையை விரித்து, எதையோ கிள்ளி வாயில் போட்டுக் காட்டினார். மேலே தீப்பெட்டிக்குள் ஒரு கட்டைவிரல் உயர்ந்தது. பிறகு குரல் வந்தது.

"ஆகாசம் பேசறேன். மாத்திரை போட்டாச்சு சிஸ்டர்."

"மூணாம் நம்பர் லாரி. போட்டாச்சு" என்றது இன்னொரு குரல். "கிடங்கு. போட்டாச்சு." "எடைமேடை. இதோ போடறேன், அண்ணே, தண்ணி எடுத்துக் குடுங்க." ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. சிஸ்டருக்குக் கண் நிறைந்தது, சிரிப்பும் வந்தது, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். சுகமாக இறங்கியது.

அன்றிலிருந்து துறைமுகத்தில் அவருக்குக் குழாய் சிஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேரேயே கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.